ஒட்டாத மீன் வேண்டுமா?

கேள்வி: வேலைக்காக ஹைதராபாத் வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆபீஸ் முடிந்து வீடு சேரவே இரவு எட்டு. வஞ்சிரம் வறுத்தால் பாதி தோசைக்கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், மாதாப்பூர்

பதில்: முதலில் வஞ்சிரத்தை விடுங்கள். கடலில்லாத ஊருக்கு அது ஐஸ் பெட்டியில் படுத்து, உங்களைப் போலவே களைத்துப்போய் வருகிறது. இந்த ஊர்க்காரர் கொர்ரமீனு. நம்ம விரால்தான், தெலங்கானாவின் மாநில மீன். காற்றையும் சுவாசிக்கும் ஜாதி என்பதால் முஷீராபாத் சந்தையில் உயிரோடு துள்ளும். ஜூன் மாதம் மிருகசிர கார்த்தி அன்று மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். அன்றைக்கு மீன் தின்றே ஆகவேண்டுமென்று ஊரே அங்கே நிற்கும். அதே நாளையொட்டி நாம்பள்ளியில் ஆஸ்துமாவுக்கென்று குட்டி விராலை உயிரோடு விழுங்குவார்கள். அவர்களுக்குக் கல்லில் ஒட்டும் தொல்லையே இல்லை!

விஷயத்துக்கு வருகிறேன். மீனைக் கல்லுப்பு போட்டு உரசினால் வழவழப்பு போகும். கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம்தான் ஒட்டுவதற்குப் பாதிக் காரணம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு. பதினைந்து நிமிடம் ஊறட்டும், அதற்குள் குளித்துவிடலாம். கல் நன்றாகக் காய்ந்தபிறகு எண்ணெய், அப்புறம் மீன். மிச்சப் பாதிக் காரணம் உங்கள் கைதான். நாலு நிமிடம் தொடாதீர்கள். அடி மொறுமொறுப்பானால் துண்டு தானாகவே கல்லை விட்டுவிடும். அதற்குமுன் கரண்டியோடு போனால் புட்டுதான் கிடைக்கும். விரால் புட்டும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் கேட்டது வறுவல்.