நிறுத்தும்போது நல்லா ஓடிச்சு சார்

போலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர்களில் ஒருவர் மட்டும் மலையைப் பார்க்க மாட்டார். மாட்டுக்கொட்டகைகளைப் பார்ப்பார். வைக்கோல் போர், விறகு அடுக்கு, பாதி சரிந்த தாழ்வாரம், நீலத் தார்ப்பாய் என எது கண்ணில் பட்டாலும் கழுத்து அந்தப் பக்கம் திரும்பிவிடும். அதற்குள்ளிருந்து துருப்பிடித்த ஹேண்டில்பார் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். கூட வந்த குடும்பம் பீமன் நீர்வீழ்ச்சிக்குப் போய்க் குளித்து, சோறு தின்று, தூங்கியும் எழுந்துவிடும். "பின்னாடியே வர்றேன்" என்று சொன்னவர் சாயங்காலம் பஸ் கிளம்பும் நேரத்துக்கு வந்து சேருவார், முழங்கை வரை கிரீஸோடு.

இந்த ரக மனிதர் நாற்பதைத் தாண்டியவர். வேலூரிலோ சென்னையிலோ மாதச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டில் பட்டனை அமுக்கினால் கிளம்புகிற வண்டி ஒன்று நிற்கும். அதை அவர் மதிப்பதே இல்லை. அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ ஒரு காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்திருக்கும், அக்கா கல்யாணச் செலவுக்கு அதை விற்றிருப்பார்கள். அக்காவுக்கு இப்போது பேரனே பிறந்துவிட்டான். இவருக்கு மட்டும் வண்டி போன துக்கம் ஆறவில்லை.

துக்கத்துக்கு ஏற்ற வண்டிகள் சிலதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து சென்னையில் காலூன்றிய என்ஃபீல்டின் புல்லட். மைசூரில் தயாரான ஜாவா, அதற்கே 1973-ல் வைத்த புதுப் பெயரான யெஸ்டி. எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத் 175. எண்பதுகளின் தொடக்கம் வரை மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான். அப்புறம் ஜப்பான் வந்தது. 1984-ல் ஓசூரிலிருந்து இன்ட்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷக் கடைசியில் யமஹா ஆர்எக்ஸ் 100. கடைசியாகச் சொன்னது 98 சிசி, 11 குதிரைத் திறன், எடையோ ஒரு ஆள் தூக்கி நிமிர்த்தி வைத்துவிடலாம். 1996-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். நிறுத்திய நாளிலிருந்துதான் அதன் புகழ் நிஜமாகவே ஓட ஆரம்பித்தது.

நம்மவருக்கும் ஆர்எக்ஸ் மீதுதான் ஆசை. ஆனால் அதன் விலை அவருக்கு முன்னாலேயே மலையேறிவிட்டது. கொட்டகைக்காரப் பெரியவர் ஒரு தொகையைச் சொல்ல வாயெடுக்கும்போதே, திண்ணையில் போன் நோண்டிக்கொண்டிருக்கும் பேரன் தலை நிமிராமல், "தாத்தா, லட்சத்துக்கு மேல போவுது" என்பான். அதோடு பேச்சு முடிந்தது. மிச்சம் ராஜ்தூத்.

பேரம் பேசும்போது ஆசையை முகத்தில் காட்டக் கூடாது என்பது முதல் பாடம். நம்மவர் அதை நன்றாகக் கற்றவர். வண்டியைப் பார்க்காமல் பலாமரத்தைப் பார்ப்பார், சாமை விளைச்சல் எப்படி என்று கேட்பார், சீதாப்பழம் கிலோ என்ன விலை என்பார். பெரியவரும் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். கடைசியில் போகிற போக்கில் கேட்பதுபோல் கேள்வி வரும்.

"அந்த வண்டி ஓடுமா பெரியவரே?"

"நிறுத்தும்போது நல்லா ஓடிச்சு சார்."

இதைவிட உறுதியான உத்தரவாதத்தைப் பழைய வண்டி உலகத்தில் யாரும் கொடுத்ததில்லை. எப்போது நிறுத்தினார்கள் என்பதுதான் அடுத்துக் கேட்க வேண்டியது. "எங்க பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்தான் பாருங்க, அந்த வருசம்." அந்தப் பெரியவன் பக்கத்துக் கொல்லையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பான். சீட்டில் கோழி அடைகாத்த தடயம். டேங்கில் குளவிக்கூடு. ஏர் ஃபில்டரை எலி தன் பிரசவத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும். இவை ஒன்றும் நம்மவரை அசைக்காது. கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்திப் பார்ப்பார். அது கொஞ்சம் எதிர்த்தால் கண் கலங்கிவிடும்: கம்ப்ரெஷன் இருக்கிறதே!

ஆர்.சி. புத்தகம் தனிக்கதை. அதில் இருக்கும் பெயருக்கும் பெரியவருக்கும் உறவு உண்டு, ஆனால் அதை விளக்க ஒரு மத்தியானம் பிடிக்கும். வாங்கியவர் செங்கத்தில் ஒருவர், அவர் ஆலங்காயத்துக்காரர் ஒருவருக்குக் கைமாற்றினார், அவர் பெரியவரின் மச்சானுக்குப் பலாப்பழக் கணக்கில் கொடுத்தார். மூவரில் இருவர் காலமாகிவிட்டார்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அதற்கப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. ராஜ்தூத் தன் கடைசிப் புதுப்பித்தலை எப்போது கண்டது என்று கோழிக்குத்தான் தெரியும். நம்மவர் அசரமாட்டார். சேஸிஸ் எண் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்வார். எண் தெளிவாக விழுந்துவிட்டால் ஜாதகம் பொருந்திவிட்ட மாதிரி அவருக்கு.

குட்டியானையில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து வாசலில் இறக்கும்போது வீட்டுக்காரம்மா கேட்பது ஒரே கேள்வி. "எவ்வளவு?" பதிலும் காலங்காலமாக ஒன்றுதான். "சும்மா, இரும்பு விலைதான்." சொன்ன தொகை, கொடுத்ததில் பாதி. இனிமேல் ஆகப்போகும் செலவை நினைத்தால் அந்தப் பொய்கூடத் தேவையில்லாததுதான்.

அங்கிருந்து கதை பட்டறைக்குப் போகிறது. பழைய வண்டி மெக்கானிக் அதிகம் பேசுகிறவர் அல்ல. வண்டியை ஒரு சுற்று சுற்றிவருவார், பெருமூச்சு விடுவார், "போர் அடிக்கணும் சார்" என்பார். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடும் வேலை அது. நியாயமான வேலைதான். ஆனால் பிஸ்டன் மாற்றத் திறந்த இன்ஜினில் கிராங்க் ஆடும், கிராங்கைக் கழற்றினால் பேரிங் கத்தும், பேரிங்கைத் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போக வேண்டிவரும். புதுப்பேட்டைக் கடைக்காரரிடம் மூன்று தரம் உண்டு: ஒரிஜினல், ஒரிஜினல் மாதிரி, ஒரிஜினல் டூப்ளிகேட். மூன்றும் ஒரே டப்பாவிலிருந்துதான் வருகின்றன என்று நம்மவருக்குச் சந்தேகம் உண்டு. வெளியில் சொன்னதில்லை. அடுத்த வாரமும் அங்கேதானே போக வேண்டும்.

"எப்பண்ணே முடியும்?" என்று கேட்டால், "விடுங்க சார், பண்ணிடலாம்" என்பார் மெக்கானிக். கிழமையை யாரும் அவர் வாயிலிருந்து வாங்கியதில்லை.

இந்தக் காத்திருப்பில்தான் விபரீத யோசனை முளைக்கிறது. வண்டியை இருந்தபடியே மீட்டெடுப்பதா, ஆல்டர் பண்ணுவதா? வண்டிப் பித்தர்கள் இங்கே இரண்டு கட்சி. மீட்புக் கட்சிக்கு ஒரு போல்ட்டின் தலையில் உள்ள எழுத்துகூட பழையபடி இருக்க வேண்டும். ஆல்டர் கட்சிக்கு மட்கார்டு என்பதே வெட்டுவதற்காகப் பிறந்த தகரம். நம்மவர் மனசாட்சியால் மீட்புக் கட்சி. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் யாரோ ஒருவரின் கஃபே ரேசரைப் பார்த்த பலவீனமான நேரத்தில் கட்சி மாறியவர். மறுநாள் காலையிலேயே பின் மட்கார்டு பாதியாகக் குறைந்தது. நீளச் சீட்டு போய் ஒற்றையாள் சீட்டு வந்தது. தலையே போனாலும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றாலும், அதில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கும்.

சைலன்சரையும் மாற்றச் சொன்னார். இங்கேதான் மெக்கானிக் முதல்முறையாக வாய் திறந்தார். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சர் சத்தத்தை அடக்க மட்டும் வைத்தது அல்ல. எரிந்த புகையோடு சேர்ந்து வெளியே ஓடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை, குழாயின் கடைக்கோடியில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான் மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதன் நீளமும் நடு வயிறும் கணக்குப் போட்டு வைத்தவை. கழற்றிவிட்டு நேர்க்குழாய் மாட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும், வண்டி இழுக்காது. "சவுண்டு ஏறும் சார், மலை ஏறாது" என்றார் மெக்கானிக். நம்மவர் சவுண்டைத் தேர்ந்தெடுத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் சொன்ன அம்சங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே அழுத்திச் சொன்னது. ஆகவே நம்மவர் செக்போஸ்ட் இருக்கும் பக்கமே போவதில்லை. வண்டி எங்கும் போவதில்லை என்பதால் அது பெரிய சிரமமாகவும் இல்லை.

ஆனாலும் ஒரு நாள் போயாக வேண்டும். பெயின்ட் காய்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வண்டி பிறந்த வீட்டுக்குப் புறப்படுகிறது. ராஜ்தூத்துக்கு மூன்று கியர். ஜவ்வாது மலை ஏற்றத்தில் மூன்றாவது கியர் போதாது, முதல் கியர் அலறும், இரண்டாவதில் போனால் கொண்டை ஊசி வளைவில் வண்டி யோசிக்கும். நடுவழியில் சூடேறி நின்றுவிட்டால் நம்மவர் பதறமாட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி, இடுப்பில் கை வைத்து, பள்ளத்தாக்கைப் பார்ப்பார். வாழ்க்கையில் அவர் இயற்கையை ரசிப்பது இந்தச் சில நிமிஷங்கள்தான், அதுவும் இன்ஜின் ஆறும்வரை.

இறக்கம் இன்னும் மோசம். ராஜ்தூத், யெஸ்டி மாதிரி வண்டிகளுக்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவது வழக்கம். ஆக்சிலேட்டரை மூடி இறங்கினால் பெட்ரோலோடு ஆயிலும் குறையும். வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்கு எண்ணெய்ப் பசை போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனவே விவரம் தெரிந்தவர்கள் இறக்கத்திலும் அவ்வப்போது முறுக்கிக்கொண்டே வருவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வருகிற மாதிரி இருக்கும்.

காவலூர் வழியாகத் திரும்பினால் இருட்டிவிடும். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தின் கூண்டுகள் மரங்களுக்கு மேலே தெரியும். 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணமானது. ஆர்எக்ஸ் 100 வெளிவந்து இரண்டே மாதங்கள் கழித்து. அதன் கண்ணாடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகேற்றவே வருஷக்கணக்கில் ஆயிற்று என்று தெரிந்தபோது நம்மவர் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். ஊர் வெளிச்சம் நட்சத்திரத்தைக் கெடுக்கும் என்பது வானாய்வகங்களின் நிரந்தரக் கவலை. ராஜ்தூத்தின் 6 வோல்ட் ஹெட்லைட்டைப் பற்றி அவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. அது எரிகிறதா என்று பார்க்கவே டார்ச் வேண்டும்.

இந்த மலையில் நிஜமாகவே வண்டியை ஆல்டர் பண்ணியவர்கள் வேறு ஆட்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஆங்கிள் இரும்பில் கேரியர் வெல்டு செய்து, சாமை மூட்டையோ புளி மூட்டையோ இரண்டைக் குறுக்கே போட்டு, கால் வைக்கும் இடத்தில் இன்னொன்றை நிறுத்தி, அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மண் பாதையில் இறங்குகிறார்கள். ஆரன் வேலை செய்யாது. மூட்டையின் முனகலே போதும். இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, போட்டோ எடுத்துப் போடவும் இல்லை. வளைவில் "இயற்கையை ரசித்துக்கொண்டு" நிற்கும் நம்மவரைத் தாண்டிப் போகும்போது அப்படி ஒருவர் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்:

"இன்னா சார், ரிப்பேரா?"

"இல்லைங்க, சும்மா வியூ பார்க்கிறேன்."

"எங்க மாமா இதே வண்டி வெச்சிருந்தாரு. மட்கார்டு யாரு கடிச்சிட்டாங்க?"

அந்தக் கேள்வி நம்மவர் மனசில் தைத்துவிட்டது. அதோடு சேர்ந்துகொண்டது 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த பழம்பெரும் வாகன விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. இவருடைய ராஜ்தூத் 1978-ஆம் வருஷத்தது. 2028-ல் தகுதி வந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியைக் கண்காட்சிக்கும், பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பட்டறைக்குப் போகவும் மட்டுமே தெருவில் எடுக்கலாம் என்று விதி சொல்வதைப் படித்தபோது அவருக்குச் சட்டத்தின் மீதே மரியாதை வந்தது. தன் வண்டியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்கள்! ஒரே ஒரு இடைஞ்சல். வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டுமாம்; சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாதாம்.

மறுநாள் பட்டறையில் போய் நின்றார்.

"அண்ணே, அந்த வெட்டின மட்கார்டு துண்டு இருக்கா?"

மெக்கானிக் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். கையில் துண்டு. ஓரத்தில் சிமெண்ட் காய்ந்திருந்தது. இத்தனை நாளும் பட்டறைக் குழாயடியில் தண்ணீர் தெறிக்காமல் தடுத்துக்கொண்டிருந்தது அதுதான். ஒரு துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்.

"ஒரிஜினல் ராஜ்தூத் மட்கார்டு சார். இந்த கேஜ் தகடு இப்ப எங்க கிடைக்குது சொல்லுங்க? புதுப்பேட்டையில தேடினாலும் இல்ல. நீங்க நம்ம பழைய கஸ்டமர்னு ஒரு விலை போட்டுத் தர்றேன்."

நம்மவர் பர்ஸை எடுத்தார்.

"வெல்டிங் கூலி தனி சார்."