வில்லுக்குப் பதக்கம் உண்டா?

கேள்வி: உயிரைப் பணயம் வைத்துப் போர்ப்படம் எடுப்பவர்களுக்கு ராபர்ட் கப்பா பெயரில் தங்கப் பதக்கம் தருகிறார்களாமே! எங்கள் அந்தமானில் யாருக்காவது கிடைக்குமா?
– ஒரு வாசகர், போர்ட் பிளேர்

பதில்: போர்ப் புகைப்படக்காரர் கப்பா 1954-இல் இந்தோசீனாவில் கண்ணிவெடியை மிதித்து இறந்தார். மறு ஆண்டே அவர் பெயரில் பதக்கம் வந்துவிட்டது. நம் நாட்டில் ஒருவர் உயிரோடிருக்கும்போதே கமிட்டி போட்டாலும், பதக்கம் வர அவருடைய நூற்றாண்டு விழா ஆகிவிடும்.

உங்கள் ஊருக்கு வருவோம். 1974-இல், வெளியாரை அண்டவிடாத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவுக்கு ஓர் ஆவணப்படக் குழு போனது. தேங்காய், அலுமினியப் பாத்திரம், பொம்மை, உயிரோடு ஒரு பன்றி என்று சீர்வரிசையே வைத்தார்கள். பதில் மொய்யாக வந்த அம்பு இயக்குநரின் தொடையில் பாய்ந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நலம் விசாரிக்கப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரைக் குறிபார்த்து அந்தத் தீவுக்காரர் ஒருவர் வில்லை உயர்த்தினாரே, அந்தப் படம் உலகம் சுற்றியது. துணிச்சலுக்குப் பரிசு என்றால், என் ஓட்டு கேமரா பிடித்தவருக்கு அல்ல, வில் பிடித்தவருக்கே. ஆனால் பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? அங்கே நெருங்கவே சட்டம் விடாது. அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவா மக்களைப் படம் பிடித்தாலோ பரிசு சிறைதான்.

சரி, கிண்டல் போதும். படத்துக்காக உண்மையிலேயே உயிரைப் பணயம் வைத்த ஒருவரைச் சொல்கிறேன். டெல்லிப் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகி ரோஹிங்கியா அகதிகளைப் படமெடுத்து, 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனக் குழுவோடு புலிட்சர் பரிசு வாங்கியவர். 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானின் காந்தஹார் மாகாணத்தில் கொல்லப்பட்டார். இந்தியாவின் கொரோனா துயரப் படங்களுக்காக 2022-இல் மீண்டும் புலிட்சர். அதை மேடையேறி வாங்கியவர்கள் அவருடைய சின்னஞ்சிறு பிள்ளைகள்.