மளிகைப் பை விசாரம்

ஜாஸ் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூன் வரை நியூயார்க் நகரத்துக் கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடங்களில் மின்கிதாரும் மின்பியானோவும் முழங்க நடத்திய அமர்வுகளை, அவர் கழித்ததையும் கைவிட்டதையுங்கூட விடாமல் திரட்டி, 2003-இல் ஐந்து குறுந்தட்டுகளாக, உலோக முதுகு வைத்த பெட்டகத்தில் வெளியிட்டார்களே, குத்துச்சண்டை வீரரொருவரின் பெயர் தாங்கிய அந்த ‘ஜாக் ஜான்சன்’ தொகுப்பைச் சிரவணம் செய்யும் முறை யாதென்னும் வினாவுக்குச் சாஸ்திரீயமான விடை இதுகாறும் எவராலும் பகரப்படாமை அறிவுலகின் பெருங்குறையாகலின், அதனை நிவர்த்திக்கும் பொருட்டே இவ்வாராய்ச்சியை மேற்கொண்டோம்.

சிரவணம் மூவகைப்படும். முதல் தட்டிலிருந்து முறையாகக் கேட்டுவருவது கிரமம். 1971-இல் இசைத்தட்டாக வந்த ‘ரைட் ஆஃப்’, ‘யெஸ்டர்நௌ’ என்னும் இரண்டும் ஐந்தாம் தட்டில் முழுமையாக இருக்கக் கண்டு, அங்கே தொடங்கி அங்கேயே முடிப்பது அக்கிரமம். தட்டை உறையினின்றும் எடுக்காமலே கையேட்டைக் கரைத்துக் குடித்து, எந்தத் தேதியில் எவர் டிரம்ஸ் வாசித்தார் என்று சபையிலே ஒப்பிப்பது மூன்றாவது. இதற்குச் செவி வேண்டுவதில்லை ஆதலால் பேராசிரியர்களிடையே இதுவே பெருவழக்கு.

அடுத்தது பாடபேதம். முதல் தட்டிலே ‘வில்லி நெல்சன்’ என்னும் ஒரே உருப்படி ஆறு வடிவங்களில் அடுத்தடுத்து வருகிறது. குத்துச்சண்டையில் மைல்ஸுக்கு இருந்த மோகத்தால் பின்வரும் உருப்படிகள் சில ஜானி பிராட்டன், ஆர்ச்சி மூர் என்று பயில்வான்களின் பெயர் தாங்கி நிற்க, இது மட்டும் ஒரு பாடகரின் பெயரைச் சூடியது ஏனென்பது தனி ஆராய்ச்சிக்குரியது. ஆறுக்கும் உள்ள வேற்றுமை அறியாதவன் ரசிகன். அறிந்தும் எது நன்றாயிருக்கிறதென்று சொல்லத் தெரியாதவன் ஆராய்ச்சியாளன்.

இடைச்செருகல் பற்றியும் ஒரு சொல். தயாரிப்பாளர் டியோ மசீரோ ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவதில் வல்லவர்; ‘யெஸ்டர்நௌ’வின் நடுவே மேற்படி ‘வில்லி நெல்சன்’ துண்டொன்றையும், முந்திய ஆண்டு பதிவான ‘இன் எ சைலண்ட் வே’ இசைத்தட்டின் துண்டொன்றையும் கூசாமல் செருகியவர். இடைச்செருகலைக் கண்ட மாத்திரத்தில் கத்தியை எடுக்கும் சம்பிரதாயத்தில் வளர்ந்த பதிப்பாசிரியர்கள், இங்கே செருகியதே மூலமாகவும் செருகாதது கழிவாகவும் இருக்கும் விபரீதத்தால் திகைத்துப் போய், அத்திகைப்பு நீங்கும் உபாயமாகக் கழிவையெல்லாம் திரட்டி அதற்கு மூலம் என்று பெயரிட்டுவிட்டனர் போலும்.

இனி நம் ஆராய்ச்சியின் உயிர்நிலைக்கு வருவோம். ‘ரைட் ஆஃப்’ பதிவான 1970 ஏப்ரல் 7-ஆம் தேதியன்று, கையில் மளிகைப் பையோடு வேறு காரியமாக அப்பக்கம் வந்த பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கை மைல்ஸ் பிடித்து, அங்கே கிடந்த ஃபார்ஃபிஸா ஆர்கனின் முன் உட்கார்த்தி வைத்தார் என்பது கர்ணபரம்பரை. அவர் எழுப்பும் ஒலியோ, விரலின் வேலையா முழங்கையின் வேலையா என்று ஐயுறத்தக்க முரட்டு ஸ்வரத்திரள். அது கிடக்கட்டும், பையில் என்ன இருந்தது என்பதன்றோ பிரச்னை?

காய்கறி என்பார் ஒருசாரார். அற்றன்று, காய்கறிப் பையைச் சுமந்து ஓய்ந்த கைக்கு அத்தகைய முரட்டுத்தனம் வாராது. பால் என்பார் பிறிதொரு சாரார்; திரிந்துவிடுமே என்னும் பதற்றமே வாசிப்பில் அந்த வேகமாய் வெளிப்பட்டதென்று அவர்கள் சாதிப்பதை, யாம் எழுத எண்ணியுள்ள ‘மளிகையும் மின்னிசையும்’ என்னும் நூலின் நான்காம் அத்தியாயத்தில் கண்டிக்க இருக்கிறோம். முட்டைக் கட்சியார் சற்றே நுட்பமானவர்கள்: ஏறத்தாழ 27 நிமிஷம் ஓடும் அவ்வுருப்படியில் ஆர்கன் வெகுநேரம் கழித்தே நுழைவதற்கு, உடையாத இடமாகப் பார்த்துப் பையை வைக்க அவர் அலைந்ததே காரணம் என்பது அவர்கள் கொள்கை. பை காகிதத்தாலானதாயின் அதன் சரசரப்பும் பதிவாகியிருத்தல் வேண்டுமென்று கருதிக் காதணிபேசியை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் செவிசாய்த்ததில், சரசரப்பென்று யாம் துணிந்த ஓசை, டிரம்ஸ் வாசித்த பில்லி கோபமின் ஹை-ஹாட் தாளமாகவே முடிந்தது. எனினும், எழுதப்படாத மேற்படி நூலுக்கு யாமே வரைய இருக்கும் பேருரையின் சிறப்புப்பாயிரத்துக்கு அடிக்குறிப்பாய் அமையவேண்டிய அனுபந்தத்தில், எம் கருத்தை யாமே மறுத்து, அம்மறுப்பைப் பின்னர் யாமே ஐயுறப்போகும் இடம் இங்கே ஒப்புநோக்கத்தக்கது.

இவ்விஷயத்தை ரசிகர் சிலர் முன்னிலையில் யாம் வாசித்துவருகையில், பொறுமையிழந்த நண்பரொருவர் எழுந்து ஐந்தாம் தட்டைச் சுழலவிட்டார். மைல்ஸ் வரும்வரை பொழுது போகாமல் ஜான் மக்லாஃப்ளின் (பின்னாளில் ‘சக்தி’ குழுவில் விக்கு விநாயகராமின் கடத்துக்கு ஈடுகொடுத்த அதே மக்லாஃப்ளின்தான்) ‘ஈ’ சுருதியில் கிதாரை அறைந்துகொண்டிருக்க, கோபம் டிரம்ஸில் தொற்றிக்கொள்ள, இரண்டு நிமிஷத்துக்குச் சற்றுமேல் கிதார் திடீரென்று ‘பி ஃப்ளாட்’டுக்குத் தாவுகிறது; அதை அறியாத மைக்கேல் ஹெண்டர்ஸனின் பாஸ் பழைய சுருதியிலேயே உருண்டுகொண்டிருக்கிறது; இவ்விரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும் அந்தத் தவறான தருணமே தமக்கு உகந்ததென்பதுபோல் எக்காளத்தோடு நுழைகிறார் மைல்ஸ். நண்பர் ஒலியை இன்னும் கூட்டினார். சபையோர் காலால் தாளமிட ஆரம்பித்துவிட்டபடியால், ஹான்காக் திரும்பிச் செல்கையில் பையை மறவாமல் எடுத்துச் சென்றாரா என்னும் ஐந்தாம் இயலை யாம் உரத்த குரலில் இருமுறை வாசித்தும் எவர் காதிலும் விழவில்லை.