உறுமல் திரும்பிய வீடு

கட்டுமாவடியில் ஓபெத்துக்கு ஒரு ரசிகர் மன்றம் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் அடியேன்தான். ஒற்றை ஆள் மன்றத்தில் கோஷ்டிப்பூசல் எப்படி வரும் என்று தைரியமாக இருந்தேன். 2024 நவம்பரில் புது ஆல்பம் வந்தது, பூசலும் வந்துவிட்டது.

ஓபெத், சுவீடன் நாட்டு மெட்டல் குழு. 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்தார்கள். கூட்டத்தில் நின்று நானும் தலையை ஆட்டினேன். அப்போது ஆட்டுவதற்கு முடியும் இருந்தது. இப்போதும் ஆட்டுகிறேன், வீட்டில், எது சொன்னாலும்.

பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். அதே பாட்டில் தாலாட்டும் பாடுவார். 2003இல் ‘டாம்னேஷன்’ உறுமலே இல்லாமல் வந்தபோது, ஒருமுறைதானே என்று பொறுத்துக்கொண்டோம். 2011இல் ‘ஹெரிடேஜ்’ வந்தது. மனிதர் உறுமலைத் தலைமுழுகிவிட்டு எழுபதுகளின் ராக் பக்கம் குடிபோய்விட்டார். ‘பக்குவப்பட்டுவிட்டார்’ என்றது ஒரு கட்சி. ‘பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்றது இன்னொன்று. நான் இரண்டாவதில் இருந்தேன். கல்யாணமான பிறகு என் குரலும் அதே பாதையில்தான் போனது. அதற்காக ஒருவரும் கட்சி கட்டவில்லை.

நாலு ஆல்பம், பதின்மூன்று வருடம் கழித்து, ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’டில் உறுமல் திரும்பியது. கதை நமக்குத் தெரிந்ததுதான்: பணக்காரத் தகப்பன் செத்தபின் பிள்ளைகள் முன்னால் உயில் வாசிக்கிறார்கள். முதல் ஏழு பாட்டுக்கும் பெயரே கிடையாது. பத்திர ஆபீஸ் கணக்காக பத்தி 1, பத்தி 2 என்று எண்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வந்து புல்லாங்குழல் ஊதுகிறார். ‘எங்க ஆளு வந்துட்டாரு’ என்றார்கள் பழைய ரசிகர்கள். ‘நல்லாத்தானே பாடிக்கிட்டிருந்தாரு?’ என்றார்கள் புதியவர்கள். ‘உறுமல் சரி, பழைய கனம் எங்கே?’ என்றது மூன்றாவது கோஷ்டி. எங்கள் மன்றம் மூன்றையும் ஒருமனதாக ஆதரித்தது.

செத்த தகப்பனுக்கே உறுமல் கிடைக்கும்போது உயிரோடிருக்கும் தகப்பன் ஏன் சும்மா இருக்க வேண்டும்? “எவன்டா ஃபேனை நிறுத்தாமப் போனது?” என்று ஒன்று விட்டேன்.

விமர்சனங்கள் உடனே வந்தன.

“தொண்டை கட்டிருச்சாப்பா? மிளகு ரசம் வைக்கச் சொல்லவா?” – அம்மா.

“மூச்சு வயித்துலேருந்து வரலப்பா” – மகன். இவனுக்கு ஓபெத்தை அறிமுகம் செய்தவனே நான்தான்.

கையில் கரண்டியோடு வெளியே வந்தாள் மனைவி. “மீன் ஏலத்துல இதைவிட நல்லாக் கத்துறாக. அவுக கத்துனா ரூவா ஏறுது. நீங்க கத்துனா என்னங்க ஏறும்?”

“பிபி” என்றான் மகன்.

“ஃபேனை நிறுத்தாம வந்ததும் நீங்கதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு கலைஞன் ஓசையை மாற்றிக்கொள்ள ரசிகனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே எங்கள் மன்றத்தின் இன்றைய கொள்கை. ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் ஆக்கர்ஃபெல்ட் பதின்மூன்று வருடம் தாக்குப்பிடிப்பார். அவர் தட்டில் சோறு பரிமாறுவது அவர்கள் இல்லையே. எனக்கு இரவுச் சாப்பாடு வரைகூடத் தாங்காது. ஆகவே என் அடுத்த வெளியீடு முழுக்க மெல்லிசைதான் என்று அன்றைக்கே அறிவித்துவிட்டேன். இதில் மட்டும் வீட்டில் கருத்து வேறுபாடே எழவில்லை.