டில்லிக்கு ஒரு மஞ்சள் கடுதாசி

மத்திய சர்க்காரின் திவால் சட்ட இலாகா அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, குழுக் கடனுக்கும் நகைக் கடனுக்கும் நடுவே குடித்தனம் நடத்தும் ஒரு சாமானியக் குடும்பஸ்தன் வந்தனத்துடன் எழுதிக்கொண்டது.

தாங்கள் 2016-ஆம் ஆண்டில் இயற்றிய திவால் சட்டத்தில், கம்பெனிகளின் க்ஷேமத்துக்கான பாகத்தைக் கடந்து மூன்றாம் பாகத்துக்கு வந்தால், எண்பதாம் பிரிவு முதலாக, அடைக்க வழியற்ற ஏழையின் சில்லறைக் கடன்களை ரத்துச் செய்து அவனை மறுபடியும் தலைநிமிர்ந்து நடமாட விடும் ஓர் அத்தியாயம் இருப்பதாக வக்கீல் நண்பர் ஒருவர் வாசித்துக் காட்டக் கேட்டு நான் அடைந்த ஆனந்தம் கொஞ்சமல்ல.

அந்த ஏழையைத் தாங்கள் வர்ணித்திருக்கும் நுட்பமே நுட்பம்! அவனுடைய வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஆஸ்தி 20,000 ரூபாயைத் தாண்டலாகாது. ரத்தாக வேண்டிய கடன் 35,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். சொந்தமாக ஒரு குடிசை, அடமானத்தில் மூழ்கியதானாலும், இருக்கலாகாது. ஈடு வைத்து வாங்கிய கடனும் படிப்புக் கடனும் கணக்கில் சேரா. இத்தனை லக்ஷணங்களும் பொருந்திய ஒருவரை எங்கள் தெருவில் தேடிக் கண்டுபிடித்தேன். ஆனால் அவரை நம்பி இதுவரை எவரும் கடனே கொடுத்ததில்லை.

சமய ஆசாரப்படி கழற்றக்கூடாத ஆபரணத்தை, அது அடகில் இல்லாத பக்ஷத்தில், ஆஸ்திக் கணக்கிலிருந்து விலக்கிவைத்த தங்கள் தர்ம சிந்தனையையும் மெச்சுகிறேன். எங்கள் பக்கத்துக் கழுத்துகளில் இப்போது மஞ்சள் கயிறு மாத்திரமே தொங்குகிறது. தங்கம் அடகுக் கடையின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருப்பதால், அந்தச் சலுகையால் தங்களுக்குச் சிரமம் ஏதும் நேராது.

ஏழை யார் என்பதில் ரிசர்வ் வங்கிக்குத் தங்களைவிடத் தாராள மனம். வருஷ வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் கொடுப்பது நுண்கடன் என்று அது 2022-இல் விதித்தது. ஆக, கடன் வாங்கப் போகும்போது 3 லட்சம் வரையில் ஏழையாகக் கருதப்படும் குடும்பம், கடன் தீராமல் தங்களிடம் வரும்போது திடீரென்று சீமான் வீடாகிவிடுகிறது.

இருந்தும் குறையில்லை, ஏனென்றால் அந்த அத்தியாயம் இன்னும் அமலுக்கே வரவில்லை. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற பிரமுகர்களுக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திவிட்டு, நோய்க்குப் பத்தியம் சொல்லி மருந்தை அலமாரியில் பூட்டிய வைத்தியரைப் போலத் தாங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். எங்களுக்குப் பழைய துரைமார் சட்டங்களே கதி: சென்னைப் பட்டணத்துக்கு 1909-ஆம் வருஷத்தது, வெளியூர்களுக்கு 1920-ஆம் வருஷத்தது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப்போடலாமாம். மளிகைக் கடைப் பாக்கியே அதற்குப் போதும். ஆனால் வக்கீல் கட்டணத்தை விசாரித்த பிறகு, திவாலாவதற்கும் கொஞ்சம் கைமுதல் வேண்டுமென்று தெரிந்துகொண்டேன்.

வரவு செலவுக் கணக்கு எழுதிச் சிக்கனமாக வாழச் சொல்லும் அறிவாளிகளுக்கும் ஒரு வார்த்தை. என் மனைவி தவறாமல் எழுதுகிறாள். வாடகை, அரிசி, பள்ளிக்கூடச் சம்பளம், வாரத் தவணை என்று அத்தனையும் அதில் இருக்கின்றன. பணம் எந்தத் தேதியில் தீரும் என்பதை அந்த நோட்டு முன்கூட்டியே துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

ஆகையால், தொகைகளைக் காலத்துக்கேற்பத் திருத்தி அந்த அத்தியாயத்தைத் திறந்துவிட வேண்டுகிறேன். அது ராஜாங்க காரியங்களின் நெருக்கடியில் சாத்தியமில்லையென்றால், குழுக் கடன் பாக்கிக்காரரைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறபடியால், இடையிலுள்ள ஒன்பது மணி நேரமும் நாங்கள் எங்கே போய் இருப்பது என்பதற்காவது ஒரு விதி வகுத்தருள வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் சட்டப்படி இன்னும் ஏழையாகாத ஒருவன்