அளவளாவியார்

டிசம்பர் சங்கீத சீசனில் சென்னை சபாக்களின் கேன்டீன் பக்கம் போனால் அளவளாவியாரைத் தரிசிக்கலாம். உள்ளே வித்வான் கச்சேரி செய்துகொண்டிருப்பார், வெளியே இவர். ஜிப்பா, அங்கவஸ்திரம், கையில் பாதி குடித்த காபி. மீதியைக் குடிக்க மாட்டார்; குடித்துவிட்டால் அங்கே நிற்க முகாந்திரம் ஏது? பேச்சு நம்மோடுதான். பார்வை மட்டும் நம் தோளைத் தாண்டி வாசலில் இருக்கும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நுழைந்துவிட்டால், நம்மிடம் சொல்லிவந்த வாக்கியம் எழுவாயோடு நின்றுவிடும். பயனிலை நீதிபதிக்கு.

இவர் செய்யும் தொழிலுக்கு ஆங்கிலத்தில் ‘ஹாப்நாப்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. பெரிய மனிதர்களோடு ஒட்டி உறவாடுவது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹப்பன்’ என்றால் உடைமை, ‘நப்பன்’ என்றால் இன்மை. அந்த வேரிலிருந்து கிளைத்து, 16ஆம் நூற்றாண்டில் ‘வந்தால் வரட்டும், போனால் போகட்டும்’ என்ற துணிச்சலைக் குறித்தது. ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் சர் டோபி பெல்ச் இதைச் சொல்கிறார். ஒரு பயந்தாங்கொள்ளியைப் பெரிய வாள்வீரனாக்கி, ஆண் வேடத்திலிருக்கும் வயோலாவை மிரட்டும் கட்டம் அது. அந்தப் பயந்தாங்கொள்ளியின் காசில் குடித்துக் காலம் தள்ளுபவர்தான் டோபி என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மவருக்குப் பூர்விகம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

18ஆம் நூற்றாண்டில் சொல் கோப்பைக்குள் இறங்கியது. எதிரெதிரே உட்கார்ந்து, உன் நலத்துக்கு நான், என் நலத்துக்கு நீ என்று மாறி மாறிக் குடிப்பது ஹாப்நாப். அதிலிருந்துதான் கூடிக் குலாவுவது என்ற இன்றைய பொருள் வந்தது.

அளவளாவியாரிடம் அந்த ‘மாறி மாறி’ மட்டும் கிடையாது. டோக்கன் வாங்கும் வரிசையில் அவரைக் கண்டவர் இல்லை. யாராவது பர்ஸை எடுக்கும்வரை செல்போன் அவர் காதிலேயே இருக்கும். “நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்!”

அவருடைய முழுத்திறமையையும் பார்க்க வேண்டுமானால் கல்யாண ரிசப்ஷனுக்குப் போக வேண்டும். மேடைக்கு ஏறும் வரிசையில் முன்னால் நின்றுகொண்டு, “நீங்க போங்கோ, குழந்தை தூங்கறதே”, “பாட்டி, நீங்க முதல்ல” என்று எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே இருப்பார். இந்தக் காலத்தில் இப்படியொரு பண்பாளரா என்று ஊரே வியக்கும். அமைச்சர் வந்து படியில் கால் வைப்பார். அந்த நொடியில் பண்பு முடிந்துவிடும். ஆல்பத்தில் அமைச்சரும் இவரும் நடுவில் நிற்பார்கள்; மணமக்கள் ஓரமாக இருப்பார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இத்தனை பெரியவர்களைத் தெரிந்தும் தனக்கென்று ஒரு சிபாரிசுகூட அவர் கேட்டதில்லை. கேட்டால், “நீங்க யாரு?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டுவிடுவார்களே!

1985இல் பிரிட்டனில் மெக்விடீஸ் கம்பெனி தன் ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு ‘ஹாப்நாப்ஸ்’ என்றே பெயர் வைத்தது. லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒரு பாக்கெட் கொடுத்தார். இதை உண்ணத் தகுதியானவர் வேறு யார் என்று அளவளாவியாரிடம் நீட்டினேன். மூன்றை எடுத்துக்கொண்டு உறையைப் படித்தார்.

“மெக்விடியா? நமக்கு ரொம்ப வேண்டியவராச்சே, தம்பி! ஆத்துக்கே வந்திருக்கார்.”

“சார், ராபர்ட் மெக்விடி காலமாகி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

கடித்த பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்தார்.

“அடடா! அவா ஆத்துல எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையோ?”