கூட்டாளிக்கு ஒரு பக்கம்

கண்டி மாவட்டத்து மடுல்கெல்லயில் ஒரு பெரியவர் கண்ணை மூடினால், மறுநாள் விடிவதற்குள் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். லயத்து வாசலில் வெள்ளைக்கொடி ஏறும். சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஏறும். பதாகையில் அவர் கோட்டுப் போட்டிருப்பார். வாழ்நாளில் கோட்டைத் தொட்டும் பார்க்காதவருக்கு, ஸ்டூடியோக்காரர் கழுத்துக்குக் கீழே கணினியில் தைத்துக் கொடுத்த கோட்டு அது. பத்திரிகைக்குப் போகும் மரண அறிவித்தல் இன்னும் கறாரானது. அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும், சகலனும், சம்பந்தியும், பேரனும் பேத்தியும் பெற்ற பிள்ளைகளுக்குப் பூட்டனும் ஆவார். தமிழில் உள்ள உறவுமுறையெல்லாம் வரிசையில் நின்று முடிந்த பிறகு, உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி வரும். ஐம்பது வருடம் கூடவே திரிந்த கூட்டாளிக்கு அந்த அறிவித்தலில் உள்ள ஒரே வேலை, அதை ஏற்றுக்கொள்வதுதான். ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்று எந்தப் பத்திரிகையும் சொன்னதில்லை.

என் கட்சி இதுதான்: குடும்பப் பெரியவரை நினைவுகூரும் பொறுப்பைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கி, அவருடைய கூட்டாளியிடம் ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களுடைய தகவலில்தான் சந்தேகம். தகப்பனுக்கு முப்பது வயதாகும்போது பிறந்தவர்கள், அதற்கு முந்திய முப்பது வருடத்துக்கு எப்படிச் சாட்சி சொல்வார்கள்? அந்தக் காலத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவரே சொன்னது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தான்தான் முதலாம் பிள்ளை என்று அவர் சொல்லியிருப்பார். அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்ற விபரம் பக்கத்து வாங்கில் இருந்தவருக்கு மட்டுமே தெரியும்.

இந்த விஷயத்தில் மலையகத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளந்து கட்டிய காம்பராக்கள் முதுகோடு முதுகாகவும் தோளோடு தோளாகவும் ஒட்டி நின்ற லயங்களில், பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனாக மட்டும் இருக்க முடியாது. இரத்த சம்பந்தம் ஒன்றுமில்லாதவர் சித்தப்பாவாகி, பிறகு மாமாவாகி, கடைசியில் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போகும் உரிமையையும் பெற்றுவிடுவார். இன்றைய வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் சுவடிக்கூடங்களில் தேடி எடுப்பதை, அவர் நடுச்சுவரில் காது வைக்காமலே கேட்டுச் சேர்த்திருப்பார். லயத்தை வடிவமைத்த கம்பெனிக்காரர்கள் மனிதருக்குச் செய்த கெடுதலுக்குக் கணக்கில்லை. ஆனால் தமக்கே தெரியாமல் சரித்திரத்துக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறார்கள்.

கூட்டாளிதான் நன்றாக நினைவுகூருவான் என்பதற்குப் பழைய சாட்சியும் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது அவனுக்காக அழுதவர்களில் கூட்டாளி ஔவையாரின் அழுகைதான் புறநானூற்றில் ஏறி இன்றுவரை நிற்கிறது. மன்னனைப் பற்றிய பாட்டு. அவர் எங்கே தொடங்குகிறார் தெரியுமா? கள்ளில். கொஞ்சமாக இருந்தால் நமக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாம் குடித்துப் பாடக் கேட்டுத் தானும் குடிப்பான் என்பதுதான் முதல் செய்தி. கறியுள்ள எலும்புத் துண்டை யாருக்குக் கொடுத்தான் என்பதும், வாசனை பூசிய கையால் புலால் நாறும் தலையைத் தடவினான் என்பதும் வருகின்றன. அதியமானின் மகன் இதை எழுதியிருந்தால் மழவர் பெருமகன், போரில் வல்லவன், கொடையில் சிறந்தவன் என்று மூன்று வரியில் முடித்துப் படத்துக்கு மாலை போட்டிருப்பான். கள்ளை விட்டிருப்பான் என்பது நிச்சயம்.

புகழுரை மறைந்து சின்ன விபரமே நிற்கும் என்பதற்குக் கண்டியிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தார். கண்டி மஹியாவ மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது. தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று கல் சொல்கிறது. கல் சொல்லாததை வரலாற்று நூல்கள் சொல்கின்றன: ஆள் 246 இறாத்தல் கனம், உடலைத் தோட்டத்திலிருந்து கண்டிவரை தொழிலாளர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து மாறி மாறிச் சுமந்தார்கள். இன்று டெய்லரைப் பற்றி யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சிங்கோனாவை மறந்துவிடுவார்கள், இறாத்தலை மறக்க மாட்டார்கள். சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பது வேறு விஷயம். வேறு விஷயம் என்று சொல்லி நாம் தாண்டிப்போகப் பழகிவிட்டோம் என்பதும் இன்னொரு விஷயம்.

மரியாதை என்ன ஆவது என்று கேட்பவர்கள் உண்டு. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். அந்தச் சட்டத்தை ஊரே பின்பற்றுவதில்லை. மரண வீட்டில் இரவு விழித்திருக்கக் கடதாசிக் கட்டை எடுத்து 304 விளையாடும் வாங்கில், சாயத்தண்ணி இரண்டாம் சுற்று வருவதற்குள் பெரியவரின் கதைகள் தொடங்கிவிடும். உள்ளே ஒப்பாரி வைப்பவர்களும் அவரைச் சும்மா விடுவதில்லை. பொன்னென்றும் மணியென்றும் உயர்த்திவிட்டு, என்னைத் தனியே விட்டுப் போனது நியாயமா என்று நேருக்கு நேர் சண்டைக்குப் போவார்கள். சண்டை பிடிப்பதும் ஒரு மரியாதைதான். கோட்டுத்தான் அவமரியாதை.

கூட்டாளியும் பொய் சொல்வானே என்றால், சொல்வான். எண்பது வயதுக்காரர் 1960களில் நடந்ததைச் சொல்லும்போது, அட்டை கடித்த கதை சிறுத்தை கடித்த கதையாக வளர்ந்திருக்கும். மடுல்கெல்ல நக்கிள்ஸ் மலையடிவாரம், சிறுத்தைக்கும் இடம் உண்டு. ஆனால் அந்தப் பொய்யிலும் பெரியவர் ஓடுவார், விழுவார், கெட்ட வார்த்தை பேசுவார். பதாகையின் உண்மையில் அவர் அசையக்கூட மாட்டார். மனைவிமார் சொல்ல மாட்டார்களா என்பதுதான் பலமான ஆட்சேபம். பாரதி வீட்டரிசியைக் குருவிக்கு இறைத்ததைச் செல்லம்மா சொல்லித்தான் உலகம் அறிந்தது. ஒப்புக்கொள்கிறேன், உலை வைக்கக் காத்திருந்தவரின் சாட்சியத்தை யாரும் தள்ள முடியாது. மனைவிமாருக்கு விலக்கு அளித்துவிடலாம்.

பெரிய தடை வேறொன்று. கூட்டாளி எங்கே? 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றிருந்த மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் நின்ற 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் ஒருவர் மனு இந்தியாவுக்கும் அடுத்தவர் மனு இலங்கைக்கும் போனது. இப்படித்தான் மலையகத்துப் பெரியவர்களின் வாழ்க்கை வரலாற்றில் பாதி, தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூர் போன்ற நீலகிரி ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு அரசும் தலைகளை எண்ணின. யார் யாருக்குக் கூட்டாளி என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இருக்கவில்லை. நல்லவேளையாக இப்போது வாட்சப் இருக்கிறது. கூடலூர்த் தாத்தா குரல் பதிவில் பேசட்டும், நடுவில் இருமினாலும் பரவாயில்லை.

ஆகவே, நினைவு மலர் அச்சிடப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேவாரம் போடுங்கள், வம்சவரலாறு போடுங்கள், வெளிநாட்டில் இருக்கும் மருமகனின் நன்றியுரையும் போடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் கூட்டாளிக்கு ஒதுக்கி, அவர் சொல்வதைத் திருத்தாமல் போடுங்கள். அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. 31ஆம் நாள்வரை காத்திராமல் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.